நாலு நாள் ஆன குடல் மின்னாது

கோபம் வந்தால் பீர் முஹம்மது முதலில் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். அவரிடம் இருக்கிற ஒரே நல்ல பழக்கம் அதுதான் என்று அவர் மனைவி வஜீஹா சொல்வாள். மற்றபடி ராயப்பேட்டை மீன் மார்க்கெட்டில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது.

அங்கே மீன் விற்கிறவர்கள் வேறு, வெட்டுகிறவர்கள் வேறு. ஒரு கடையில் மீனை வாங்கிக்கொண்டு பையோடு வந்து வெட்டுகிறவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, குடலை உருவி, கேட்ட கனத்துக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார். பீர் முஹம்மது அந்த வேலையில் முப்பத்தோரு வருஷம். படித்தது நாலாங்கிளாஸ். இடது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. ஒரு பக்ரீத்துக்கு முந்தின நாள் அவசரத்தில் போனது. நுனி போன கையைத் துணியால் சுற்றிக்கொண்டு மீதி நாலு கிலோவையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "பின்ன, பாதியில விட்டுட்டுப் போவ சொல்றியா?" என்பார்.

"பாய், மீன் ஃப்ரெஷ்ஷா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

"வாங்குனது நீ. என்னை வந்து கேக்கிற?"

ஆனால் பையைத் திறந்ததும் மீனின் கண்ணைத்தான் பார்ப்பார். ஒரு பார்வை. "நேத்து மத்தியானம் கரைக்கு வந்தது. இன்னிக்கே கொழம்பு வெச்சிடு, ஃப்ரிட்ஜுல போட்டு வெக்காதே." சொன்னால் தப்பாது. மீன் விஷயத்தில் பாய் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது அந்த மார்க்கெட்டில் எழுதாத சட்டம்.

அப்படிப்பட்ட ஆளுக்குப் பருந்துப் பைத்தியம் பிடித்தது போன மே மாசம்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். வெட்டுக் கட்டையைக் கழுவிவிட்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து போனில் மீன் வெட்டுகிற வீடியோ பார்ப்பது அவர் வழக்கம். வேலை முடிந்தும் அதே வேலையைப் பார்க்கிற மனுஷன். யாரோ ஒரு ஜப்பான்காரர் ஆளுயரச் சூரை மீனை அறுத்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடியது. ஒரு மரத்து உச்சி. குச்சி குச்சியாக அடுக்கிய பெரிய கூடு. அதில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மாற்றலாம் என்று கட்டைவிரலைக் கொண்டுபோகிறார், மேலேயிருந்து இன்னொரு பறவை மீனோடு வந்து இறங்கியது. பாதி மீன். கழுத்தோடு அறுத்த மாதிரி.

"தலை எங்கடா?" என்று பீர் முஹம்மது வாய்விட்டே கேட்டுவிட்டார்.

பக்கத்துக் கடை நெடுஞ்செழியன் எட்டிப் பார்த்தான். மீன் விற்கிறவன், பட்டினப்பாக்கத்துக்காரன். "இன்னா பாய், யார்கிட்ட பேசிக்கினு கீற?"

"இவன பாருடா. தலையைத் தான் துன்னுட்டு மீதிய பொண்டாட்டிக்குக் குடுக்கிறான். இங்க நான் அப்படி குடுத்தா விடுவாளுங்களா?"

நெடுஞ்செழியன் போனை வாங்கிப் பார்த்தான். "இது விராலடிப்பான் பாய், மீன் புடிக்கிற பருந்து. மழைக்காலத்துல நம்ம அடையாறு முகத்துவாரத்துக்கு வருமே. மேலேருந்து கால நீட்டிக்கினு தண்ணியில விழும். மீனோடதான் எழும்பும். எங்க ஆளுங்க இதைப் பாத்தா வலையை அந்தப் பக்கம் போடுவாங்க."

அந்தக் கூடு இருந்தது வடக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஏரிக்கரையில். ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. பறவைகளைக் கவனிக்கிற சங்கத்தார் கூட்டுக்கு மேலே கேமரா வைத்து நாள் முழுக்க நேரலையில் விட்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது மணி நாலு. வஜீஹா சோற்றை மூடிவைத்துவிட்டுத் தூங்கியிருந்தாள்.

அதற்கப்புறம் முட்டை பொரிந்தது. மூன்று குஞ்சு. மூத்ததுக்கு வஞ்சிரம் என்று பெயர் வைத்தார், அடுத்ததுக்குச் சங்கரா. எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து, அண்ணன்கள் காலடியில் நசுங்கிக்கொண்டு கிடந்த பொடிசுக்கு நெத்திலி. கால் பெருத்திருக்கிற விதத்தைப் பார்த்து அது பொட்டைக் குஞ்சு என்று அங்கே எழுதியிருந்தார்கள். மார்க்கெட்டில் "நெத்திலி துன்னுச்சா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டினார்கள். அவருக்கே பருந்து பாய் என்று பெயர் வந்துவிட்டது. அதற்கும் திட்டினார்.

ஜூலையில் மூன்றும் பறந்தன. ஆகஸ்ட் நடுவில் தாய்ப்பறவை ஒரு நாள் கிளம்பிப் போனது, திரும்பவில்லை. குளிர் வருமுன்னே தெற்கே போய்விடுவது அவற்றின் வழக்கம். தாய் முதலில் போகும், குஞ்சுகள் அப்புறம், அதுவரை அப்பன் இருந்து மீன் கொண்டுவந்து போடுவான். இது பீர் முஹம்மதுவுக்குத் தெரியாது. பதறிப்போய் வஜீஹாவிடம் வந்து சொன்னார்.

"புள்ளைங்கள வுட்டுட்டுப் போயிட்டாடி."

"நல்லா செஞ்சா," என்றாள் வஜீஹா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு மாசம் மழையிலயும் வெயில்லயும் அவதானே உக்காந்திருந்தா? இப்ப அப்பன் பாக்கட்டும். எனக்கு ரெக்கை இருந்தா நான் எப்பவோ நாகூர் போய்ச் சேந்திருப்பேன்."

ஆகஸ்ட் முடிவதற்குள் வஞ்சிரம் போய்விட்டது. ரெண்டு நாள் கழித்துச் சங்கராவும். நெத்திலி மட்டும் கூட்டுக்கு வருவதும் போவதுமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பன் ஒரு மீன் கொண்டுவந்தான். தலையோடு. நாலு மாசத்தில் அவன் தலையோடு கொண்டுவந்ததே இல்லை. "இன்னிக்கு இன்னாடா, பாசம் பொங்குதா?" என்று பீர் முஹம்மது சிரித்தார். நெத்திலி அதன் மேல் விழுந்து கிழித்துத் தின்றது. தின்று முடித்தபோது அதன் காலைச் சுற்றி மெல்லிசாக ஒரு நூல் மின்னியது.

"பாய், கால்ல இன்னாவோ சுத்திக்கினு கீது பாரு," என்றான் நெடுஞ்செழியன்.

"குடல்டா அது."

"குடலா?"

"மீன்லேருந்து நூலாட்டம் வந்தா வேற இன்னாவா இருக்கும்? ஒரு நாளைக்கு அம்பது கிலோ குடல் உருவுறேன், எனக்குத் தெரியாதா? காஞ்சா உதுந்துடும். போய் யாவாரத்தைப் பாரு."

பாய் சொல்லிவிட்டார், பேச்சு முடிந்தது.

வியாழன் நெத்திலி கூட்டை விட்டுப் போகவில்லை. சிறகை அடித்தது, அரை அடி எழும்பியது, உட்கார்ந்துவிட்டது. வெள்ளியும் அப்படியே. அங்கே மழை வேறு. அப்பன் மீன் கொண்டுவந்து போட்டான், தின்றது. "சோம்பேறி," என்று பீர் முஹம்மது அதையும் திட்டினார். "உக்காந்த எடத்துக்கு சோறு வருது, இவ எதுக்குக் கெளம்புவா?" வந்த வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை பதினொன்றரை மணி. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. கட்டையைக் கழுவத் தண்ணீர் எடுத்தவர், பலகை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்தார். காலையில் உருவிப்போட்ட குடல், ஒரு துண்டு மட்டும் தவறி வெயிலில் கிடந்திருக்கிறது. அஞ்சு மணி நேரம்தான். கறுத்து, சுருங்கி, காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு மாதிரி ஆகியிருந்தது. அதன் மேல் நாலு ஈ.

பீர் முஹம்மது சொம்பைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். நெத்திலி கூட்டில் நின்றிருந்தது. காலைச் சுற்றி நூல். புதன்கிழமை மின்னிய அதே மின்னல். மூன்று நாள் வெயில் பட்டு, மழை பட்டு, அப்படியே. ஒரு ஈ இல்லை.

"யா அல்லா," என்றார். "குடல் இல்ல இது."

நெடுஞ்செழியன் வந்து பார்த்தான். இந்தத் தடவை அவன் ஒன்றும் கேட்கவில்லை, அவனே சொன்னான். "தூண்டில் நரம்பு பாய். நைலான். முள்ளை முழுங்கிட்டு எவன் தூண்டிலையோ அறுத்துக்கினு ஓடுன மீனை அப்பன் தூக்கிக்கினு வந்துட்டான்."

அதனால்தான் தலையோடு வந்தது. கொத்திப் பார்த்திருப்பான், வாயில் இரும்பு தட்டியிருக்கும், விட்டுவிட்டான். இப்போது அந்த நரம்பின் ஒரு முனை நெத்திலியின் காலில், இன்னொரு முனை கூட்டுக் குச்சியில். சோம்பேறி இல்லை அவள். கட்டிப்போட்டிருக்கிறது. ரெண்டு நாளாக அவள் துள்ளிக் காட்டியதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறார் முப்பத்தோரு வருஷத் தொழில்காரர்.

"அப்பனும் கெளம்பிட்டா பட்டினிதான்," என்றான் நெடுஞ்செழியன்.

"அதுக்கு முன்னாடியே ஒரு காத்து வேகமா அடிச்சா போதும். அவ எகிறுவா. காலு இழுத்துப் புடிக்கும். தலைகீழா தொங்குவா." பீர் முஹம்மது நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான்தான் குடலுன்னு சொன்னேன்."

அந்த நேரலைக்குப் பக்கத்தில் பார்க்கிறவர்கள் எழுதுகிற இடம் உண்டு. எல்லாம் இங்கிலீஷ். பீர் முஹம்மது போனை வாய்க்கு நேரே பிடித்துத் தமிழில் பேசி எழுத்தாக்கி அனுப்பினார்: கால்ல நரம்பு மாட்டிக்கிச்சு, ஓடி வாங்க. ரெண்டு நொடியில் காணாமல் போனது. மறுபடி அனுப்பினார். காணோம். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை எழுதவே விடவில்லை. தெரியாத மொழியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவனை அந்த இயந்திரம் விஷமி என்று நினைத்துப் பூட்டிவிட்டது.

கத்தி எப்போதோ கீழே இருந்தது. அதனால் பீர் முஹம்மது ஐஸ் பெட்டியை உதைத்தார்.

"பாய், ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வரட்டுமா?" என்று ஒரு குரல்.

ஜெயலக்ஷ்மி டீச்சர். ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். வீட்டில் முட்டை கூடக் கிடையாது. ஆனால் அவர் தெருவில் ஆறு பூனைகள் அவரை நம்பி இருந்தன. அவற்றுக்காக வாரத்தில் நாலு நாள் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோடு வருவார். வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இவ்வளவு தூரம் ஷேர் ஆட்டோவில். ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்று, கூரையைப் பார்த்தபடி, "பாய், அது இருக்கா?" என்பார். மீன் என்கிற வார்த்தையை அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் இல்லை. பீர் முஹம்மது வெட்டியதில் மிஞ்சியதைப் போட்டு மூடிக் கொடுப்பார். மூன்று வருஷமாக இதுதான் பழக்கம். ஒரு நாளும் டீச்சர் கட்டையைப் பார்த்ததில்லை.

"டீச்சரம்மா! நீங்கதான் வரணும்," என்று பீர் முஹம்மது கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். "இங்கிலீஷ்ல நாலு வரி எழுதணும். உயிர் விஷயம்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தாய் போனது, தலை, நரம்பு, குடல் என்று தான் சொன்ன பொய். டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எழுதறேன் பாய். ஆனா என் பேர்ல போறது. நான் கண்ணால பாக்காத விஷயத்தை எழுதிப் பழக்கமில்லை. காட்டுங்கோ."

"டீச்சரம்மா, அதுல..." பீர் முஹம்மது தயங்கினார். "அது துன்னுக்கினு கீது. பச்சையா."

"காட்டுங்கோன்னேன்."

புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு ஜெயலக்ஷ்மி டீச்சர் முதல் முறையாகக் கீழே பார்த்தார். நெத்திலி ஒரு மீனைக் காலுக்கடியில் போட்டு நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது. டீச்சர் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பார்வையை எடுக்கவில்லை. பறவை நகர்ந்தது. நூல் மின்னியது.

"ஐயோ. ஆமாம் பாய்," என்றார். "கட்டிண்டுன்னா இருக்கு."

தன் போனை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

"இன்னா டீச்சரம்மா இவ்ளோ நேரம்?"

"மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம். தங்கள் அரிய சேவையை நாங்கள் கண்டு மகிழ்ந்து வருகிறோம்..."

"தீப்புடிச்ச வீட்டுல போய் வணக்கம் சொல்லுவீங்களா? கால்ல நரம்பு, அறுத்து வுடு. அவ்ளோதான்!"

"மரியாதையாச் சொன்னாத்தான் கேப்பா பாய். நீங்க செத்த சும்மா இருங்கோ."

மரியாதையாகப் போனது. ஒரு மணி நேரம் கழித்துப் பதிலும் மரியாதையாகவே வந்தது. டீச்சர் அதைத் தமிழில் படித்தார். உங்கள் அக்கறைக்கு நன்றி. அது காய்ந்த புல். சில குஞ்சுகள் தாமதமாகத்தான் கிளம்பும். கவலை வேண்டாம்.

"புல்லா!" பீர் முஹம்மது கத்தினதில் நாலு கடை தள்ளி ஒரு பூனை ஓடியது. "மழையில புல்லு நனையும், தொங்கும், இல்ல மக்கும். இது மழைக்கு முன்னாடியும் அப்படியே, அப்புறமும் அப்படியே! புல்லு மின்னுமா? அவங்ககிட்ட பதிவு இருக்கும் இல்ல? புதன்கெழமை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. தலையோட ஒரு மீன். பாங்கு சொல்லிக்கினு இருந்தாங்க, அப்போதான் வந்தது!"

"பாங்கு எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு இருபது."

டீச்சர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அங்கே மூன்றரை மணி பின்னால். காலை எட்டு ஐம்பது. பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை முகம் வேறு மாதிரி இருந்தது. முப்பது வருஷம் கடைசி பெஞ்சைச் சமாளித்த முகம்.

"என்ன எழுதுனீங்க?"

டீச்சர் படித்தார். "புதன்கிழமை, உங்கள் நேரம் எட்டு ஐம்பதுக்கு வந்த மீனைப் பாருங்கள். அந்த ஆண் பறவை எப்போதும் தலையைத் தின்றுவிட்டு வரும். அன்றைக்கு மட்டும் ஏன் தலையோடு வந்தது? அந்த மீனின் வாயைப் பெரிதாக்கிப் பாருங்கள். குடல் அஞ்சு மணி நேரத்தில் கறுக்கும், புல் மழையில் மக்கும். இது நாலாம் நாளும் மின்னுகிறது. இதைச் சொல்பவர் முப்பத்தோரு வருஷமாகத் தினமும் மீன் வெட்டுகிறவர். உங்களில் எவருக்காவது அதைவிட அதிக அனுபவம் உண்டா? இருந்தால் பேசலாம். இல்லையென்றால் ஏணியை எடுங்கள்."

டீச்சர் மீன் என்று சொன்னதை நெடுஞ்செழியன்தான் கவனித்தான்.

சாயங்காலம் வரை பதில் இல்லை. வீட்டில் பீர் முஹம்மது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வஜீஹா கேலி பேசவில்லை. "அந்த டீச்சர் எழுதிட்டாங்க இல்ல? துன்னுங்க," என்றாள். ஆறு மணிக்கு டீச்சர் போன் பண்ணினார். "பாய்! பாத்துட்டாளாம். வாயில கொக்கி தெரியறதாம். மரம் ஏறத் தெரிஞ்சவா நாளைக்குக் காலம்பற வராளாம். நம்மூர் நேரம் பதினோரு மணி."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ராயப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஒரு வெட்டுகிறவர் கையை நிறுத்துவது என்றால் நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. பீர் முஹம்மது முன்னால் பதினாலு பை வரிசையில் இருந்தது. பத்து ஐம்பத்தஞ்சுக்குக் கத்தியைக் கீழே வைத்தார். எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"கோவம் இல்ல," என்றார். "அரை மணி நேரம் வெட்ட மாட்டேன். அவசரம்னா அடுத்த கட்டைக்குப் போ."

"பாய், வீட்டுல விருந்தாளி வந்துகீறாங்க!"

"எனக்கும்தான் ஒருத்தி காத்துக்கினு கீறா."

போனை நெடுஞ்செழியன் கடைத் தராசுக் கம்பியில் சாய்த்து வைத்தார்கள். பதினாலு பைகளில் ஒன்றுகூட நகரவில்லை. பையோடு பையாகக் குனிந்து பார்த்தார்கள். ஜெயலக்ஷ்மி டீச்சரும் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் தரையில், செதில் மேல், சேறு மேல், முன் வரிசையில் நின்றார்.

கூட்டின் ஓரத்தில் முதலில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது. பின்னால் ஒரு கை. ஒரு பெண் ஏறி வந்தாள். நெத்திலி சிறகை விரித்தது.

"எகிறாதடி," என்றார் பீர் முஹம்மது. "எகிறாத. எகிறாத."

நெத்திலி எகிறவில்லை. பொத்தென்று கூட்டில் தட்டையாகப் படுத்துவிட்டது. கழுத்து நீண்டு, சிறகு சரிந்து, அசைவே இல்லை. மேலே கிறீச்சென்று அப்பன் சுற்றுவது கேட்டது. கூட்டத்தில் யாரோ, "போச்சு பா, பயத்துலயே செத்துப்போச்சு," என்றார்கள். டீச்சர் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

பீர் முஹம்மது போன் மேல் முகத்தை வைத்தார். ரெண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்.

"எவன்டா அவன் செத்துச்சுன்னவன்? கண்ணப் பாருடா! பளிச்சுனு கீது. உசுர் இருக்கிற கண்ணு, உசுர் போன கண்ணு எனக்குத் தெரியாதா? நடிக்கிறா!"

அந்தப் பெண் ஒரு துணியைப் பறவையின் தலையில் போட்டாள். சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தாள். குச்சிப் பக்கம் ஒரு வெட்டு. காலைச் சுற்றி, தோலில் படாமல், நூல் நூலாக எடுக்க ஆறு நிமிஷம் ஆனது. ராயப்பேட்டை மீன் மார்க்கெட் ஆறு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதற்கு முன்னால் நடந்ததா என்று தெரியவில்லை. கடைசியில் அவள் நிமிர்ந்து, கேமராவுக்கு நேரே கையைத் தூக்கினாள். விரலிடுக்கில் இரண்டு முழம் நைலான் நரம்பு. அதன் முனையில் வளைந்த ஒரு இரும்பு முள். அதை ஆட்டிக் காட்டினாள்.

மார்க்கெட் கூரை போய்விடும் போலிருந்தது. நெடுஞ்செழியன் காலித் தகரக் கூடையைத் தூக்கித் தட்டினான். விருந்தாளி வந்த அம்மாள் அழுதுகொண்டே, "பாய், உங்க நெத்திலி பாய்," என்றாள். டீச்சர், சேறு தெறித்த புடவையோடு, "நான் சொன்னேனோல்லியோ, மரியாதையா எழுதினா கேப்பான்னு!" என்றார்.

"மரியாதையா எழுதுனதுக்குப் புல்லுன்னாங்க. திட்டி எழுதுனதுக்குத்தான் ஏணி வந்தது!" என்றார் பீர் முஹம்மது. பிறகு கத்தியை எடுத்தார். "யாரு அடுத்தது? பையைத் தொற. இன்னா வேடிக்கை?"

நெத்திலி அன்றைக்கு முழுக்கக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பக்கத்து மரம் வரை போய்வந்தது. செவ்வாய், புதன் ஏரிப் பக்கம் போய் நனைந்து திரும்பியது, வெறுங்காலோடுதான். வியாழக்கிழமை ஒரு மணிக்கு வந்தது, காலில் மீன். கைப்பிடி நீளம்தான் இருக்கும். தானே பிடித்தது. "நெத்திலி சைஸு!" என்று நெடுஞ்செழியன் கூவினான்.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, பீர் முஹம்மது ஒரு கொடுவாவுக்குச் செதில் எடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெத்திலி கூட்டு விளிம்பில் ஏறி நின்றது. ஒரு தடவை சுற்றிப் பார்த்தது. சிறகை விரித்தது. ஒன்றும் இழுக்கவில்லை. எழும்பி, ஏரிக்கு மேலே ஏறி, தெற்கே திரும்பி, திரையின் ஓரத்தைத் தாண்டிப் போனது.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் அப்பன் ஒரு மீனோடு வந்து காலிக் கூட்டில் கொஞ்ச நேரம் நின்றான். கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை என்றதும் அந்த மீனைத் தானே தின்ன ஆரம்பித்தான், தலையிலிருந்து.

"துன்னுடா ராஜா," என்றார் பீர் முஹம்மது. "உன் வேலை முடிஞ்சுது."

அன்றைக்குச் சங்கத்தார், டீச்சர் அப்புறம் எழுதி அனுப்பியதையும் சேர்த்து, அந்தப் பக்கத்தில் இந்த வருஷத்துக் கணக்கை எழுதியிருந்தார்கள். மூன்று முட்டை, மூன்று குஞ்சு, மூன்றும் கிளம்பின. மூன்றாவது குஞ்சின் பெயர் நெத்திலி. சென்னை ராயப்பேட்டையில் மீன் வெட்டும் திரு. பீர் முஹம்மது வைத்த பெயர், நூலை முதலில் கண்டதும் அவரே. டீச்சர் இதை இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"தப்பா எழுதிட்டாங்க," என்றார் பீர் முஹம்மது. "மொதல்ல பாத்தது நெடு. நான் குடலுன்னேன். மாத்தி எழுதச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"திட்டி எழுதுங்க."

டீச்சர் சிரித்துவிட்டு, வழக்கம்போலத் தூக்கை நீட்டினார். வழக்கம்போல ஈரமில்லாத இடத்தில் நிற்கவில்லை. கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். பீர் முஹம்மது கழிவுக் கூடைப் பக்கம் போகவில்லை. நெடுஞ்செழியன் கடையிலிருந்து ஆறு அயிலை எடுத்து வந்து, நல்லதாகப் பார்த்து, கண் பார்த்து, ஒவ்வொன்றாகத் தூக்கில் போட்டார்.

"என்ன பாய் இது, முழுசு முழுசா?"

"பூனைக்கு ஒண்ணு. இன்னிக்குக் கழிவு கெடையாது."

"தலையோடயா? வெட்டியாவது குடுங்கோ."

"ஏன், உங்க பூனைங்களுக்குப் பல்லு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, பீர் முஹம்மது தூக்கை மூடி, ஒரு தட்டுத் தட்டி, டீச்சர் கையில் கொடுத்தார்.